மனப்பாடம் வேண்டாம், பொருளைக் காட்டுங்கள்!

உங்கள் வீட்டில் மகனோ மகளோ கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறார்களா?

அப்படியானால், "ஊப்ஸ்" என்ற சொல் உங்கள் காதில் விழுந்து இருக்கும். ஆங்கிலத்தில் "ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்" என்று சொல்வார்கள். அதைத்தான் மாணவர்கள் சுருக்கி "ஊப்ஸ்" என்கிறார்கள். தமிழ்ப் பாடநூலில் இதற்குப் "பொருள்நோக்கு நிரலாக்கம்" என்று பெயர்.

பெயர் பெரிது. ஆனால், விஷயம் எளிது. எளிய விஷயத்தைக் கஷ்டமாக்கிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். இது கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான்கு சொற்கள்

பல கல்லூரிகளில் இந்தப் பாடம் எப்படித் தொடங்குகிறது?

ஆசிரியர் கரும்பலகையில் நான்கு சொற்களை எழுதுகிறார். என்காப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். மாணவர்கள் அதை எழுதிக்கொள்கிறார்கள். மனப்பாடம் செய்கிறார்கள். பரீட்சையில் கக்குகிறார்கள். மார்க்கும் கிடைக்கிறது.

ஆனால், "ஒரு சின்ன புரோகிராம் எழுது" என்றால், கை ஓடுவது இல்லை.

கிராமத்தில் இருந்து வந்த பிள்ளை என்ன நினைக்கிறது? "எனக்கு மூளை இல்லை. இந்தப் படிப்பு எனக்கு வராது" என்று நினைக்கிறது. நகையை அடகு வைத்துப் படிக்கவைத்த பெற்றோரிடம் இதைச் சொல்ல முடியுமா? சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே வாடுகிறது.

குறை பிள்ளையிடம் இல்லை. சொல்லித் தரும் முறையில் இருக்கிறது.

பிறந்த கதை

இந்த முறை எங்கே பிறந்தது? நார்வே நாட்டின் தலைநகரான ஆஸ்லோவில் பிறந்தது.

அங்கே ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்று இரண்டு அறிஞர்கள் இருந்தார்கள். 1960-களில் அவர்கள் "சிமுலா" என்ற கம்ப்யூட்டர் மொழியை உண்டாக்கினார்கள்.

எதற்காக? உலகத்தில் நடக்கும் காரியங்களைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதற்காக! வரிசையில் மக்கள் நிற்கிறார்கள். துறைமுகத்துக்குக் கப்பல்கள் வருகின்றன. ஒரு கப்பலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இப்படிப்பட்ட கேள்விகளுக்கு விடை காண ஒரு வழி தேவைப்பட்டது. கப்பலைக் கப்பலாகவே எண்ணிப் புரோகிராம் எழுதலாம் என்று கண்டார்கள்.

இதற்காக இருவருக்கும் 2001-ம் ஆண்டின் "டூரிங் விருது" கிடைத்தது. கம்ப்யூட்டர் துறையில் இதுதான் மிகப் பெரிய விருது.

முதலில் தேவை வந்தது. அதன் பிறகுதான் முறை வந்தது. கல்லூரியிலோ, தேவையைச் சொல்லாமல் முறையை மட்டும் சொல்கிறோம். பசி எடுக்கும் முன்னே சோற்றைத் திணிப்பது போன்றது இது.

பாங்கிக் கணக்கு

ஊப்ஸ் என்றால் என்ன? பாங்கியை நினைத்துப் பாருங்கள்.

பாங்கியில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறது. இருப்புத் தொகை இருக்கிறது. பணம் போடலாம், எடுக்கலாம். இந்தக் கணக்குதான் "ஆப்ஜெக்ட்", அதாவது பொருள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. அது வேறு ஆப்ஜெக்ட். ஆனால், இரண்டு கணக்குக்கும் அமைப்பு ஒன்றுதான். அந்த அமைப்புக்குப் பெயர் "கிளாஸ்". கிளாசை ஒரு முறை எழுதினால் போதும். ஆயிரம் கணக்குகளை உண்டாக்கலாம்.

பாங்கிக் கணக்கேட்டில் நீங்களே பேனாவை எடுத்து இருப்பைத் திருத்த முடியுமா? முடியாது. சீட்டு எழுதிக் கொடுத்துத்தான் பணம் எடுக்க வேண்டும். இதுதான் என்காப்சுலேஷன்.

சீட்டைக் கொடுத்தால் பணம் வருகிறது. உள்ளே எந்த ஏட்டில் எப்படி எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியவேண்டியது இல்லை. இதுதான் அப்ஸ்ட்ராக்ஷன்.

சேமிப்புக் கணக்கும் கணக்குதான். வைப்புக் கணக்கும் கணக்குதான். இரண்டுக்கும் பொதுவானதை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, வேறுபடுவதை மட்டும் தனியாக எழுதலாம். இது இன்ஹெரிட்டன்ஸ்.

"வட்டி போடு" என்று எல்லாக் கணக்குகளுக்கும் ஒரே கட்டளை இடுகிறோம். ஒவ்வொரு கணக்கும் தன் தன் முறைப்படி வட்டி போட்டுக்கொள்கிறது. இது பாலிமார்பிசம்.

நான்கு பெரிய சொற்களும் ஒரு பாங்கிக்குள் அடங்கிவிட்டன!

ஒரு பையன், இரண்டு பெயர்

மாணவர்கள் வழுக்கி விழும் ஓர் இடம் உண்டு. அதையும் பாருங்கள்.

ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் ராமலிங்கம் என்று பெயர். வீட்டில் மணி என்று கூப்பிடுகிறார்கள். மணிக்கு மொட்டை போட்டால், ராமலிங்கத்தின் தலையில் முடி இருக்குமா? இருக்காது. ஏன்? பையன் ஒருவன்தான், பெயர்தான் இரண்டு.

ஜாவா, பைத்தான் மொழிகளிலும் ஒரு ஆப்ஜெக்டுக்கு இரண்டு பெயர் வைக்கலாம். இரண்டாவது பெயர் வைத்ததும், இரண்டாவது ஆப்ஜெக்ட் உண்டாகிவிட்டது என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். ஒன்றில் 500 ரூபாய் போட்டால், "மற்றதிலும் ஏறிவிட்டதே!" என்று திகைக்கிறார்.

இதை நூறு வரி விளக்கம் எழுதிப் புரியவைக்க முடியாது. தாளில் ஒரு கட்டம் வரையுங்கள். அதை நோக்கி இரண்டு அம்புக்குறி போடுங்கள். ஒரே நிமிடத்தில் புரிந்துவிடும்.

முதலிலா, பிறகா?

முதல் ஆண்டிலேயே ஊப்ஸ் சொல்லித்தரலாமா? இதில் அறிஞர்களுக்குள் பெரிய சண்டை உண்டு.

"முதலிலேயே சொல்லுங்கள். பழைய முறை கையில் ஊறிவிட்டால், பிறகு மாற்றுவது கஷ்டம்" என்பது ஒரு கட்சி. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் வேறு வழியில் போயிற்று. கம்ப்யூட்டர் மாணவர்களின் தொடக்கப் பாடத்தில் இருந்து 2011-ல் ஊப்சை எடுத்துவிட்டது.

நம் அண்ணா பல்கலைக்கழகம் 2021-ல் வகுத்த பாடத்திட்டம் நடு வழியைப் பிடித்தது. முதல் பருவத்தில் பைத்தான் வைத்தது. கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்களுக்கு ஊப்ஸ் மூன்றாவது பருவத்தில் வந்தது.

என் கருத்தும் நடு வழிதான். முதலில் கணக்கு, நிபந்தனை, திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை கைக்கு வரட்டும். ஒரு கணக்குக்குப் புரோகிராம் எழுதட்டும். பிறகு, "ஆயிரம் கணக்குக்கு எழுது" என்று சொல்லுங்கள். மாணவர் திண்டாடுவார். அப்போது கிளாசைக் காட்டுங்கள். "ஆகா, இதற்குத்தானா!" என்பார்.

முதலிலேயே சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், கண்ணுக்குக் காட்டிச் சொல்லுங்கள். 1999-ல் வெளிவந்த "புளூஜே" என்ற புரோகிராம் இதற்காகவே செய்யப்பட்டது. அதில் கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். தொட்டு வேலை வாங்கலாம்.

ஜாவாவே இறங்கி வந்தது

ஜாவா மொழி 1995-ல் வெளிவந்தது. அதில் "வணக்கம்" என்று ஒரு சொல்லைத் திரையில் காட்டவேண்டும் என்றாலும், முதலில் ஒரு கிளாஸ் எழுதவேண்டும். "பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்" என்று மந்திரம் போல எழுதவேண்டும். அர்த்தம் கேட்டால், "பிறகு சொல்கிறேன், இப்போது அப்படியே எழுது" என்பார்கள்.

30 ஆண்டுகள் கழித்து, 2025-ல் வந்த "ஜாவா 25" இதை மாற்றிவிட்டது. சிறிய புரோகிராமுக்குக் கிளாஸ் எழுதவேண்டாம். நீண்ட மந்திரமும் வேண்டாம். மொழியைச் செய்தவர்களே புதிதாகப் படிப்பவர்களுக்காக இறங்கி வந்துவிட்டார்கள். கற்பிக்கும் நாம் இறங்கி வரக் கூடாதா?

செய்யவேண்டியது என்ன?

ஆசிரியர்களே! பரீட்சையில் "நான்கு பண்புகளை விவரி" என்று கேட்காதீர்கள். ஒரு சின்ன புரோகிராமைக் கொடுத்து, "இதற்கு என்ன விடை வரும்? ஏன்?" என்று கேளுங்கள். மனப்பாடம் தானாக ஒழியும்.

மாணவர்களே! புரியவில்லை என்று சொல்ல வெட்கப்படாதீர்கள். பென்சிலை எடுத்துக் கட்டம் போட்டுப் பாருங்கள்.

பெற்றோர்களே! உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவேண்டாம். இரவு சாப்பிடும்போது, "இன்றைக்கு என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று பிள்ளையைக் கேளுங்கள். அம்மாவுக்குப் புரியும்படி தமிழில் சொல்ல முடிந்தால், பாடம் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தம். திணறினால் திட்டாதீர்கள். "நாளைக்கு வாத்தியாரிடம் மறுபடியும் கேள்" என்று சொல்லி அனுப்புங்கள்.