கதையில் மனிதர் எங்கே?

கதை எழுதப் புகும் தோழர்கள் சிலர் தாம் காணாத அரண்மனையையும் நந்தவனத்தையும் இரவல் வாங்குகின்றனர். கதையில் முஸ்லிம் வந்தால் அத்தர் வியாபாரி! இவ்வளவுதானா மனிதன் என்று கேட்கின்றோம்.

தோப்பில் முகம்மது மீரான் தாம் பிறந்த தேங்காய்ப்பட்டணத்தையே எழுதினார். ஊரை ஆட்டிவைக்கும் முதலாளியையும், அவருக்கு அஞ்சாத சுறாப்பீலி வியாபாரியையும் அவ்வூர்ப் பேச்சிலேயே பேசவிட்டார். 1988-இல் வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ இன்றும் நிற்கிறது.

லப்பைக்குடிக்காட்டில் வெள்ளாறு இல்லையா? கடல் கடந்து பிழைக்கப் போன மகனுக்காக வாசலையே பார்த்திருக்கும் தாய் இல்லையா? அவளை எழுதுங்கள். ஒருவனை யோக்கியன் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவன் கூலி கொடுக்கும் விதத்தைக் காட்டுங்கள். யோக்கியதை தானே விளங்கும். நம் ஊரை நாம் எழுதாவிட்டால், அறியாதவன் எழுதியதே நம் முகமாகிவிடும் என்று எச்சரிக்கின்றோம்.