கோப்பை கொடுக்குமுன் கை கொடுப்போம்

வணிகர் சங்க இதழில் விளையாட்டுக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். பருப்பு விலை, வற்றல் வரத்து, வரிக் கணக்கு இவற்றோடு நில்லாமல் பனிச்சறுக்கு வரைக்கும் போவானேன் என்றும் தோன்றலாம். காரணம் இருக்கிறது. நம் சங்கங்கள் விளையாட்டுக்காகப் பணம் செலவழித்துக்கொண்டுதான் இருக்கின்றன. சுழற்கோப்பை, சால்வை, மாலை, விளம்பரத் தட்டி, பாராட்டு விழா எல்லாம் பெரும்பாலும் கடைக்காரர்களின் கல்லாவிலிருந்து போகிற பணம்தான். அந்தப் பணம் போகவேண்டிய நேரத்தில் போகிறதா என்பதே நம் கேள்வி. நமக்குச் சற்றும் தொடர்பில்லாதது போலத் தோன்றும் ஒரு விளையாட்டு இதற்கு நல்ல விடை சொல்கிறது.

அதன் பெயர் பயத்லான். பனிச்சறுக்கு ஓட்டமும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த போட்டி. வீரர் மூன்றரைக் கிலோவுக்குக் குறையாத துப்பாக்கியை முதுகில் சுமந்துகொண்டு, பனிப்பாதையில் மேடும் பள்ளமுமாக ஓடிவருகிறார். நெஞ்சு படபடக்க வந்தவர் சட்டென்று நின்று, 50 மீட்டர் தூரத்தில் உள்ள ஐந்து குறிகளைச் சுடவேண்டும். படுத்துச் சுடும்போது குறியின் அகலம் 45 மில்லிமீட்டர். ஓர் எலுமிச்சம்பழ அளவு. நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். ஒரு தேங்காய் மூடி அளவு. ஒரு குறி தவறினால் 150 மீட்டர் தண்டனைச் சுற்று ஓடவேண்டும். தனிநபர் நெடும்போட்டியில் சுற்றுக்குப் பதிலாக, ஒரு தவறுக்கு ஒரு நிமிடம் கணக்கில் ஏறிவிடும்.

மூட்டையைத் தோளில் போட்டு மாடிப்படி ஏறி இறக்கிவைத்த கையோடு, மூச்சு வாங்குமுன் தங்கத் தராசில் குன்றிமணி நிறுக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் பயத்லான்.

வேகமும் நிதானமும்

இதன் முதல் உலக சாம்பியன் போட்டி 1958ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் சால்ஃபெல்டன் என்ற ஊரில் நடந்தது. 1960ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்குவா வேலியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் முதன்முறையாக இது சேர்க்கப்பட்டது. அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 30 பேர். தங்கம் வென்றவர் சுவீடன் நாட்டுக் கிளாஸ் லெஸ்டாண்டர். ஓட்ட வேகத்தில் அவர் 15ஆவது இடம்தான்! ஆனால் 20 குறிகளையும் தவறாமல் அடித்தவர் அவர் ஒருவரே. ஓட்டத்தில் எல்லோரையும் முந்திய பிரெஞ்சு வீரர் விக்டர் ஆர்பெஸ் பெரும்பாலான குறிகளைத் தவறவிட்டு 25ஆவது இடத்துக்குப் போய்விட்டார்.

ஓடி ஓடிக் கொள்முதல் செய்து, எடையிலும் கணக்கிலும் கோட்டைவிட்ட வியாபாரி எங்கே போய் நின்றார் என்பது நமக்குத் தெரியாததல்ல.

பிற்காலத்தில் இரண்டிலும் தேர்ந்தவர்கள் வந்தார்கள். நார்வேயின் ஓலே ஐனார் பியோர்ன்டாலன் 2002 ஒலிம்பிக்கில் நான்கு போட்டிகளில் நான்கு தங்கம் வென்றார். நாற்பது வயதிலும் 2014 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காட் 2012 முதல் 2018 வரை தொடர்ந்து ஏழு முறை உலகக் கோப்பைத் தொடரின் ஒட்டுமொத்த முதலிடத்தைக் கைப்பற்றினார். நார்வேயின் யோஹான்னஸ் போ, 2023ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஓபர்ஹோஃபில் நடந்த உலக சாம்பியன் போட்டியில் ஏழு பந்தயங்களில் ஏழு பதக்கம் பெற்றார். அவற்றில் ஐந்து தங்கம். பெண்களுக்கு உலக சாம்பியன் போட்டி 1984இலும், ஒலிம்பிக் வாய்ப்பு 1992இலும்தான் கிடைத்தன. தாமதமாக வந்தாலும் இன்று அவர்களுடைய பந்தயங்களுக்கும் கூட்டம் நிரம்பி வழிகிறது.

சாம்பியன் எங்கிருந்து வருகிறார்?

நாம் கவனிக்கவேண்டிய இடம் இதுதான். இந்தப் போட்டிகள் நடக்கும் ஊர்கள் பெரும்பாலும் பெரு நகரங்கள் அல்ல. செக் நாட்டின் நோவே மியெஸ்டோ சுமார் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். 2024 உலக சாம்பியன் போட்டி அங்கேதான் நடந்தது. இத்தாலியின் அன்தோல்ஸ் பள்ளத்தாக்கு அதைவிடச் சிறியது. அந்த ஊராட்சியில் மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். 2020 உலக சாம்பியன் போட்டி அங்கே நடந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கிலேயே வளர்ந்த டொரோதியா வீரர் என்ற பெண் சொந்த மண்ணில் இரண்டு தங்கம் வென்றார். 2026 குளிர்கால ஒலிம்பிக்கின் பயத்லான் போட்டிகளுக்கும் அந்த இடமே தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் விருதுநகரின் மக்கள்தொகை 2011 கணக்குப்படியே எழுபதாயிரத்தைத் தாண்டும். ஆகவே, சிற்றூர் என்று சொல்லி நாம் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

இன்னொரு செய்தி நம் வணிகர்களுக்குச் சிரிப்பையும் தரும், சிந்தனையையும் தரும். இந்த வீரர்களில் பலர் அரசாங்கச் சம்பளக்காரர்கள். அதிலும் வரித் துறைக்காரர்கள்! ஜெர்மனியின் லௌரா டால்மயர் 2018 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றவர். அவர் அந்நாட்டுச் சுங்கத் துறையின் பனிச்சறுக்கு அணியைச் சேர்ந்தவராக இருந்தார். டொரோதியா வீரர், வரி ஏய்ப்பைக் கண்காணிக்கும் இத்தாலிய நிதிக் காவல் படையின் விளையாட்டு அணியைச் சேர்ந்தவர். வரி அதிகாரி என்றாலே பில் புத்தகத்தைத் தேடுகிற நமக்கு, இப்படியும் ஒரு வரித் துறை உண்டென்பது வியப்புதான்.

நம் நாட்டிலும் ரயில்வே, ராணுவம், வருமான வரித் துறை, சுங்கத் துறை ஆகியவற்றில் விளையாட்டு வீரர்களுக்கு வேலை உண்டு. தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் பெயர் எடுத்த பிறகு கிடைப்பது. பெயர் எடுக்கும் வரைக்கும் அந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டு ஓடும்? எந்தச் செருப்பைப் போட்டு ஓடும்? சுடும் பயிற்சி என்றால் தோட்டாவுக்குக் காசு யார் கொடுப்பது?

தோட்டா என்பது சின்னச் செலவல்ல. பயத்லான் வீரர்கள் தோட்டாவைப் பெட்டியைப் பார்த்து வாங்குவதில்லை. ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலும் சில பெட்டிகளை எடுத்துத் தம் துப்பாக்கியில் குளிரில் சுட்டுப் பார்த்து, ஒத்துவருகிற தொகுதியைத்தான் மொத்தமாக எடுக்கிறார்கள். நாம் மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி பார்ப்பது போலத்தான். சறுக்குக் கட்டைக்கு அன்றைய பனிக்கேற்ற மெழுகு பூசவே தனி ஆட்கள் இருக்கிறார்கள். மேடையில் நிற்பவர் ஒருவர். அவருக்குப் பின்னால் பத்துப் பேருடைய உழைப்பும் பல ஆண்டுச் செலவும் நிற்கின்றன.

நம் தமிழ்நாட்டில்

விருதுநகரில் ஏது பனி என்று கேட்கலாம். பனியை நாம் கேட்கவில்லை. பயத்லானில் பாதி, துப்பாக்கி சுடுதல். அந்தப் பாதியில் நம்மவர்கள் சாதித்திருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் சென்னையைச் சேர்ந்த ரூபா உன்னிகிருஷ்ணன், பெண்களுக்கான 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் படுத்துச் சுட்டுத் தங்கம் வென்றார். பயத்லானிலும் அதே 50 மீட்டர் தூரம்தான், அதே .22 ரகத் தோட்டாதான். அவருக்கு 1999ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது.

யாரும் அறியாத விளையாட்டில் இறங்கும் பிள்ளையின் பாடு என்ன என்பதற்கு வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவியே சாட்சி. வடசென்னையில் வளர்ந்தவர், தகப்பனார் கோவில் அர்ச்சகர். 2004ஆம் ஆண்டு பள்ளியில் மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதால் வாள்வீச்சில் சேர்ந்தார். வாள் விலை கட்டுபடியாகாததால் மூங்கில் குச்சியில் பழகினார். தாயார் நகையை அடகு வைத்து அனுப்பியதை அவரே சொல்லியிருக்கிறார். பிறகு அரசு உதவியும் வந்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியராகக் களம் இறங்கி, முதல் ஆட்டத்தை 15–3 என்று வென்றார். அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புருனேயிடம் தோற்றார். 2023 ஆசிய சாம்பியன் போட்டியில் உலக சாம்பியனையே வீழ்த்தி வெண்கலம் பெற்றார்.

அவர் ஒலிம்பிக் போன பிறகு பாராட்டு மழை பொழிந்தது. அது நல்லதே. ஆனால் அந்த நகை அடகுக் கடைக்குப் போன நாளில், அதே தெருவில் எத்தனை கடைகள் இருந்திருக்கும்? ஒரு கடைக்காரரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அப்படி உதவ ஓர் ஏற்பாடே இல்லை. இல்லாதது பணம் அல்ல, ஏற்பாடு.

பிடி அரிசி தந்த ஊர்

ஏற்பாடு செய்வது நம் ஊருக்குப் புதிதா? விருதுப்பட்டியாக இருந்த காலத்திலேயே, 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்யாசாலா தொடங்கப்பட்டது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசி சேர்த்து நடத்திய பள்ளி என்பதால் அதைப் பிடியரிசிப் பள்ளி என்றே மக்கள் சொன்னார்கள். காமராஜர் படித்த பள்ளி அது. பேட்டைக்கு வந்த மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து, கிணறும் சத்திரமும் பள்ளியும் கண்டவர்கள் நம் முன்னோர். சட்டம் சொல்லி அவர்கள் செய்யவில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் பெரிய நிறுவனங்களைச் சமூகப் பணிக்கு லாபத்தில் 2 சதவீதம் ஒதுக்கச் சொல்கிறது. விளையாட்டுப் பயிற்சியும் அதில் அடங்கும். நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அதற்கு முன்பே மகமை இருந்தது.

ஆகவே நாம் முன்வைக்கும் யோசனை எளியது. கடைக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். ஓர் ஊரில் 500 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,82,500 ரூபாய் சேரும். இதில் மாலையும் சால்வையும் வாங்கக்கூடாது. ஓட்டக் காலணி, பயிற்சிக் கருவி, முட்டை, பால், வெளியூர்ப் போட்டிக்கு ரயில் கட்டணம், அடிபட்டால் வைத்தியச் செலவு ஆகியவற்றுக்கு மட்டுமே செலவிட வேண்டும்.

பிள்ளைகளைத் தேர்ந்தெடுப்பது உடற்கல்வி ஆசிரியர்களின் வேலையாக இருக்கட்டும். சங்க நிர்வாகிகளின் உறவுக்காரப் பிள்ளைகளுக்கு அதில் சலுகை கூடாது. பாதி இடம் பெண் பிள்ளைகளுக்கு. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. எந்தச் சாதி, எந்தத் தெரு என்ற கேள்வி எழக்கூடாது. ஒருமுறை தேர்ந்தெடுத்தால் மூன்று ஆண்டுகள் பதக்கக் கணக்குக் கேட்கக்கூடாது. பணத்துக்கு மட்டும் ஆண்டுப் பேரவையில் பைசா சுத்தமாகக் கணக்கு வைக்க வேண்டும்.

விளையாட்டு எது என்பதிலும் பிடிவாதம் வேண்டாம். துப்பாக்கிக்கு உரிமம் முதலிய சட்ட நடைமுறைகள் உண்டு. சுடுதளம் அமைப்பது உடனே ஆகிற காரியமல்ல. ஓட்டமோ, கபடியோ, பக்கத்துக் கோவில்பட்டி பேர் வாங்கிய ஹாக்கியோ எதுவானாலும் தொடங்கலாம்.

வியாபாரமே மந்தம், இதில் இது வேறா என்று கேட்கும் குரல் நம் காதில் விழாமல் இல்லை. பெரிய அங்காடிகளும், வீட்டு வாசலுக்கே பொருள் கொண்டுதரும் கம்பெனிகளும் நம் வாடிக்கையாளரை இழுக்கின்றன. 2018ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பட்டாசுத் தொழில் பட்ட பாட்டில், சிவகாசி வட்டாரக் கடைகளின் விற்பனையும் அடிவாங்கியது. எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த ஊர்ப் பிள்ளைக்கு இந்த ஊர்க் கடைக்காரர் கை கொடுத்தார் என்ற பெயரை எந்த வெளியூர்க் கம்பெனியும் தள்ளுபடி போட்டு வாங்க முடியாது. அந்தப் பிள்ளையின் குடும்பமும் தெருவும் மறக்கவும் மாட்டார்கள். லாபத்துக்காக இதைச் செய்யச் சொல்லவில்லை. நஷ்டம் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

தமிழக அரசு 2023இல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கியது. ஆனால் மாநில அளவில் பெயர் வந்த பிள்ளைதான் அரசின் கண்ணில் படும். பள்ளி மைதானத்தில் முதலாவதாக வந்து, பத்தாம் வகுப்போடு விளையாட்டை விட்டுவிட்டுக் கட்டு ஒட்டப் போகிற பெண் பிள்ளை நம் கண்ணில்தான் படுகிறாள். நம் கடையில்தான் அவள் கால்கிலோ பருப்பு வாங்குகிறாள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கோப்பைக்கு ஒதுக்கும் தொகையில் பாதியையாவது இந்த ஆண்டே இதற்கு மாற்றினால், ஒரு ரூபாய்த் திட்டம் கூடிவரும் வரை ஐந்தாறு பிள்ளைகளுக்கேனும் காலணி வாங்கலாம்.