நகராத ஆயிரம்

நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் இரவுக் காவல் பார்க்கும் பெரியவருக்கு 61 வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை மாற்றிப் பட்டறையாக முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். அதில் பி.எஃப். பிடித்தது 11 வருடம்தான். பாஸ்புக்கைப் பிரித்துக் காட்டினார். மாதாமாதம் அதே ஓய்வூதிய வரவு: ரூ.1,000. “இது மாத்திரைக்கே போயிடும் சார். வாடகைக்குத்தான் இங்க உக்காந்திருக்கேன்” என்றார்.

29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாக்கி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது மத்திய அரசு. அன்றிலிருந்து தொழிலாளருக்கு விடிந்துவிட்டது என்ற பேச்சு ஓயவில்லை. எந்த எண்கள் நகர்ந்தன என்று பாருங்கள். ஆலையை மூட அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆனது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும் வரம்பு 20-லிருந்து 50 ஆனது. மின்சாரத்தில் ஓடும் பட்டறை ‘தொழிற்சாலை’ ஆக 10 பேர் போதும் என்றிருந்தது, இப்போது 20 பேர் வேண்டும். அம்பத்தூரின் சின்னப் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நகராத எண் ஒன்று உண்டு. பி.எஃப். திட்டத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் ரூ.1,000 ஆனது, இன்றும் அதுவே. அதே மாதம்தான் சம்பள உச்சவரம்பும் ரூ.15,000 ஆனது. அந்தச் சம்பளத்துக்கு 8.33 சதவீதம், அதாவது மாதம் ரூ.1,250 ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. மாதம் 1,250 வாங்கிக்கொள்ளும் திட்டம், தான் உறுதியளிக்கும் தொகையை 1,000-க்கு மேல் ஏற்ற மறுக்கிறது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகைகூட 2023-இல் ரூ.1,200 ஆகிவிட்டது. அதற்கு யாரும் ஒரு காசு சந்தா கட்டவில்லை. ஆதரவற்றோருக்குத் தரும் உதவியைவிட உழைத்தவருக்கு உறுதியளித்த தொகை குறைவு என்பதை எந்த அமைச்சரால் நியாயப்படுத்த முடியும்?

புதிய தொகுப்புகளில் குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டே என்பார்கள். பணி நியமனக் கடிதத்தையே கண்ணால் பார்க்காதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். சட்டம் தளர்ந்தால் வேலை பெருகும் என்ற வாதம் முதலாளிகள் சங்கக் கூட்டங்களில் கைதட்டல் வாங்கும். நூம்பலில் வாடகை கட்ட உதவாது.

ஓய்வூதியம் ஆயிரத்திலேயே நிற்பது கவனக்குறைவு அல்ல. 58 வயதுக்குப் பிறகும் தொழிலாளி குறைந்த கூலிக்கு வேலை தேடி வந்தால்தான் இந்த ஏற்பாடு ஓடும். ஓய்வூதியர்கள் கேட்பது மாதம் ரூ.7,500-ம் பஞ்சப்படியும். அதைத் தரும்வரை நான்கு தொகுப்புகளையும் நிறுத்தி வைக்க வேண்டும். நம் தொகுதி எம்.பி. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும்போது, ஆயிரம் ரூபாயில் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று அவரிடம் கேளுங்கள்.