கதையைத் திருத்தியது யார்?

திருவண்ணாமலைக்குப் புராணம் உண்டு. எல்லப்ப நாவலர் பாடியது அச்சிலும் இருக்கிறது. ஆனால் கார்த்திகை தீபத்துக்கு மலை சுற்ற வருகிற ஜனங்களில் எத்தனையோ பேர் உழுது நட்டுப் பிழைக்கிறவர்கள். அவர்கள் வயலில் பாடும் பாட்டை எந்தப் புலவர் எழுதி வைத்தார்?

இங்கிருந்து ஒரு நாள் நடையில் செஞ்சிக்கோட்டை. 1714இல் போரில் மாண்ட தேசிங்குராஜனோடு அவன் முஸ்லிம் சிநேகிதன் மகபத்கானும் உயிர் கொடுத்த கதையை ஊர் ஊராய்க் கொண்டுபோனது தெருப்பாட்டுத்தான், அரண்மனைப் புலவரல்ல.

இந்தப் பாட்டுகளைப் 'பாமரன் உளறல்' என்று பண்டிதர்கள் தள்ளிய காலத்தில், அவற்றைத் தேடி அலைந்தவர் தோழர் நா. வானமாமலை. 1917இல் நாங்குநேரியில் பிறந்தார், ஆசிரியர், கம்யூனிஸ்ட். தனியாக அல்ல, ஊர்தோறும் தோழர்களைக் கொண்டு திரட்டினார். 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964இல் வந்தது. 1969இல் 'ஆராய்ச்சி' என்ற காலாண்டிதழைத் தொடங்கி, 1980இல் மறையும்வரை நடத்தினார்.

அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைக் கேளுங்கள். பிராமண வாலிபன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கிறான். பூணூலை அறுத்தெறிந்து செருப்புத் தைக்கிறான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு போரிட்டுச் சாகிறான். இதை மேல்சாதியாரால் ஜீரணிக்க முடியுமா? அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், காட்டில் கிடந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று கதையில் ஒட்டுப் போட்டுவிட்டார்கள்! ஒட்டு எது, அசல் எது என்று ஆராய்ந்து காட்டினார் வானமாமலை.

ஏட்டில் ஏறாத கதை நமக்கு மட்டுமல்ல. ஆர்மீனியாவின் தேசிய காவியமான 'சாசூன் தாவீது', ஒரு கிராமத்தான் சொல்லச் சொல்ல ஒரு பாதிரியார் எழுதி 1874இல் அச்சேறியது. அதுவரை அது குடியானவன் வாயில்தான் இருந்தது.

இன்று நடவு யந்திரம் வந்துவிட்டது. நடவுப் பாட்டுக்கு வேலையில்லை. மில்லில் நிற்கும் தோழருக்கும் ஊரில் ஒரு பாட்டி இருப்பாள். அடுத்த விடுமுறைக்குப் போகும்போது அவளைப் பாடச் சொல்லுங்கள். பாடியவர் பேர், ஊர், தேதி, எந்த வேலைக்குப் பாடியது என்பதைக் குறியுங்கள். கொச்சை என்று ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். பண்ணையாரை வைதிருந்தால் அந்த வசவையும் அப்படியே எழுதுங்கள்.