கத்தரியால் மிச்சமாகும் உழைப்பு யாருக்கு?



தோட்டங்களில் இப்போது கூடையோடு கத்தரியும் மலைக்கு ஏறுகிறது. சில இடங்களுக்கு இரண்டு பேர் பிடித்து நடக்கும் பெற்றோல் மிஷினும் வந்துவிட்டது. "வேலை இலகு, கிலோ கூடும், கையில் காசு கூடும்" என்று பிரட்டுக்களத்தில் சொல்கிறார்கள்.

நாம் கருவிக்கு எதிரிகள் அல்ல. மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுக்க நின்று பறிக்கும் கைகளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்குமென்றால் முதலில் வரவேற்பவர்கள் நாமே. ஆனால் மிச்சமாகும் உழைப்பு யாருக்குப் போகிறது?

கத்தரி வந்த மலையில் முதலில் ஏறுவது பேருக்குக் கேட்கும் கிலோதான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனபோதும் இதையே கண்டோம். சம்பளம் ஏறியது, பல தோட்டங்களில் 18 கிலோ 20 ஆனது. எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர். கணக்குப் பாருங்கள். நாளுக்கு 2 கிலோ கூடினால் 25 நாளில் 50 கிலோ பச்சைக் கொழுந்து. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்தில் ஒரு கிலோ தேயிலைத்தூள் வரும். ஆக ஒவ்வொருவரிடமிருந்தும் மாதம் 11 கிலோத் தூள் சும்மா போகிறது. கத்தரியைக் காட்டி இன்னும் ஏற்றினால் இன்னும் போகும். தோள்வலியும் மணிக்கட்டு வலியும் மட்டும் நமக்கு மிஞ்சும்.

இன்னொரு கதையும் உண்டு. கத்தரிக்குக் கண் இல்லை. இளங்கொழுந்தோடு முற்றலும் காம்பும் சேர்ந்தே விழும். மடுவத்தில் அதைக் காட்டியே கிலோவைக் கழிக்கிறார்கள். கத்தரியைக் கொடுத்தவரும் அவரே, கழிப்பவரும் அவரே! செடியின் மட்டம் சீராக இருந்தால்தான் கத்தரி ஒழுங்காக வெட்டும். அதற்குக் காலத்துக்குக் கவ்வாத்தும் உரமும் வேண்டும், செத்த செடிக்குப் பதில் புதுச்செடி வேண்டும். புல் மண்டிய மலையில் கத்தரியைக் கொடுத்துவிட்டு நம்மைக் குறை சொல்வது என்ன நியாயம்?

உழைப்பை மிச்சப்படுத்த உண்மையிலேயே விருப்பமென்றால் லயத்துக்கு வாருங்கள். விடியுமுன் எழுந்து தண்ணீருக்கு வரிசையில் நின்று, விறகு சுமந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் நம் பெண்கள் பிரட்டுக்கு ஓடுகிறார்கள். வீட்டு வாசலில் ஒரு குழாய் இருந்தால் மிச்சமாகும் நேரத்தை எந்தக் கத்தரியும் தராது. அதைப் பற்றி ஏன் பேச்சில்லை?

நாம் கேட்பது இவை:

1. கத்தரி, மிஷின், பெற்றோல், சாணை பிடித்தல், கையுறை அனைத்தும் நிர்வாகச் செலவு.

2. பேருக்குரிய கிலோவைச் சங்கத்தோடு பேசி, மலைக்கு மலை, எழுத்தில் தீர்மானிக்க வேண்டும்.

3. கத்தரிக் கொழுந்தில் முற்றல் என்று கழிக்கக் கூடாது.

4. மலையடியிலேயே, நம் கண்ணெதிரே நிறுக்க வேண்டும்.

5. மிஷினைக் காட்டி வேலை நாளைக் குறைக்கக் கூடாது.

6. ஒவ்வொரு லயத்துக்கும் குழாய்த் தண்ணீர்.

கத்தரி வந்தபின் கிலோ ஏற்றப்பட்ட தோட்டங்களின் தலைவர், தலைவிமார் திகதியையும் பழைய கிலோவையும் புதிய கிலோவையும் குறித்துச் சங்கக் காரியாலயத்துக்குத் தாருங்கள். வாயால் சொன்னால் துரை மறுப்பார். எழுதி வைத்த கணக்கை மறுக்க முடியாது.