நினைவில் இல்லாத வாக்குறுதி

பிறப்பதற்கு முன் நாம் எங்கே இருந்தோம் என்ற கேள்வி வேலணையில் புத்தகத்துக்குள் மட்டும் இருப்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் பண்ணைப் பாலம் தாண்டி எங்கள் தீவின் ஊடாகத்தான் ஓடுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்தவர்கள், நாக விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகர்கள், நாங்கள், எல்லோரும் அதில்தான் நெருக்கியடித்துக்கொண்டு போகிறோம். சைவ சித்தாந்தத்தைக் கேட்டால் பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உயிருக்குத் தொடக்கமே இல்லை. பௌத்தத்தில் பிறவித் தொடர் உண்டு, நிலையான ஆன்மா இல்லை. கத்தோலிக்கத் தோழியோ ஒவ்வோர் ஆன்மாவையும் கடவுள் புதிதாகப் படைக்கிறார் என்பாள். ஒரே பஸ்ஸில் இத்தனை பதில்கள்!

நமது பதில் ஸூரா அல்அஃராபின் 172ஆம் வசனத்தில் இருக்கிறது. ஆதமுடைய மக்களின் சந்ததிகள் அனைவரையும் அல்லாஹ் சாட்சிகளாக்கி, தானே அவர்களின் இறைவன் என்பதை ஏற்கச் செய்த உடன்படிக்கை அது. அது எப்படி நடந்தது என்பதில் அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. உடல்களுக்கு முன்பே உயிர்கள் படைக்கப்பட்டன என்றார் இப்னு ஹஸ்ம். இமாம் இப்னுல் கையிம் தமது ‘கிதாபுர் ரூஹ்’ நூலில் அதை மறுத்தார். ஸமக்ஷரீ அவ்வசனத்தை ஓர் உவமையாகவே விளங்கினார். இது எனக்குப் பிடித்திருக்கிறது. கேள்வி கேட்பது ஈமானுக்கு ஆபத்து என்று நம்மிடம் சொல்பவர்கள் இவர்களையும் கொஞ்சம் வாசிக்கலாம்.

அளவையியல் படிக்கும் எந்த மாணவிக்கும் இங்கே ஒரு தடை வரும். எனக்கு நினைவே இல்லாத ஒரு வாக்குறுதி என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்? கையெழுத்திட்டது ஞாபகம் இல்லை என்றால் உறுதி செல்லாதா?

நமது ஷரீஅத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பால்குடி உறவை எண்ணிப் பாருங்கள். இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைக்கு அது துளியும் நினைவிருக்காது. ஆனாலும் அவர் தாயாகிறார், அவரது பிள்ளைகள் சகோதரர்களாகிறார்கள், திருமணம் ஹராமாகிறது. உக்பா இப்னு ஹாரிஸ் (ரழி) ஒரு பெண்ணை மணந்த பின், உங்கள் இருவருக்கும் நான் பாலூட்டியிருக்கிறேன் என்று ஒரு பெண் வந்து சொன்னார். உக்பாவுக்கு அது தெரியாது. மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். அந்த மணவாழ்வு முடிந்தது. அவருடைய நினைவு அங்கே சாட்சியாகவில்லை, நினைவூட்டியவரின் சொல்தான் சாட்சியானது. அல்குர்ஆன் தன்னையே ‘திக்ர்’, நினைவூட்டல் என்று அழைப்பதை நான் இந்த இடத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் அந்த உடன்படிக்கையில் நாம் வாழவில்லை. ஸூரா அல்பகராவின் 28ஆம் வசனம், பிறப்புக்கு முந்திய நம் நிலையை உயிரற்ற நிலை என்றே சொல்கிறது. முன்பு ஒரு வாழ்வு இல்லையென்றால் முன்பு செய்த குற்றமும் இல்லை. கை கால் இயங்காமல் பிறந்த பிள்ளையைப் பார்த்து, போன பிறப்பில் என்ன செய்ததோ என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. அதே பிள்ளையின் உம்மாவிடம், நீங்கள் என்ன பாவம் செய்தீர்களோ என்று கேட்கும் மாமிமார் நம்மிலும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் அப்போது எங்கே போகிறது?

சரி, பிறந்தது எதற்கு? ஸூரா அல்முல்க் சொல்வது நமக்குத் தெரியும்: யார் அழகாகச் செயற்படுகிறார் என்று சோதிக்கவே மரணமும் வாழ்வும். எனக்குச் சிக்கலாக இருப்பது இந்தச் ‘சோதனை’ என்ற சொல்தான், அதாவது அதை நாம் பயன்படுத்தும் விதம்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் ஆயுதமேந்தியவர்களால் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். என் உம்மம்மா நிறைமாதத்தில் புத்தளம் போய்ச் சேர்ந்தார். மழைக்கு ஒழுகும் ஓலைக் கொட்டிலில் ஒரு மாமா பிறந்தார். ஏழாம் நாள் பெயர் வைப்பதற்கு முன், நான்காம் நாளே மவ்த்தானார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், அல்லாஹ்ட சோதனை, பொறுமையா இருங்க என்றார்களாம்.

நான்கு நாள் பிள்ளைக்கு என்ன சோதனை? பருவமடையாத பிள்ளையின் மீது எதுவும் எழுதப்படுவதில்லை என்பது நமது மார்க்கம். அப்படியானால் வினாத்தாள் வேறு யாருடைய கைகளிலோ இருந்தது. விரட்டியவர்களின் கையில் இருந்தது. வீட்டுக்குள் ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்த அயலவர் கையிலும் இருந்தது. பொறுமையா இருங்க என்றுவிட்டு ஒரு போர்வைகூடக் கொடுக்காமல் திரும்பியவர்கள் கையில் கட்டாயம் இருந்தது. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி. ஆனால் கத்ர் என்று சொல்லிச் செய்தவனின் குற்றத்தை மூடிவிட முடியாது. இந்த விடயத்தில் என் கருத்து இதுதான்: ‘சோதனை’ என்ற சொல்லைத் துன்பப்பட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். நாம் அவரிடம் சொல்வதற்கு முன், நமக்கு வந்த வினா என்ன என்று பார்க்க வேண்டும்.

நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமின் இறுதி வேளையில் அழுதார்கள். நீங்களுமா என்று வியந்த தோழரிடம், அது இரக்கம் என்றார்கள். அங்கே யாருக்கும் பாடம் நடத்தவில்லை.

உம்மாவிடம் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டால் ஐந்து என்பார். பெயர்களைச் சொல்லச் சொன்னால் நான்குதான் வரும்.