நின்ற கடிகாரம் குப்பையன்று

கைக்கடிகாரம் ஓடாமல் நின்றுவிட்டால் அதன் ஆயுள் முடிந்ததென்று நாம் தீர்ப்பளித்துவிடுகிறோம். சில காலம் மேசை இழுப்பறையில் கிடக்கும். பிறகு பழைய பித்தளையோடு காயலான் கடைக்குப் போய்விடும். இது சரியன்று என்பதே என் தாழ்மையான கருத்து.

நம் தாத்தாமார் பலர் கட்டியிருந்தது எச்.எம்.டி. கடிகாரம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் பெங்களூரில் அதன் உற்பத்தி தொடங்கியது. ஜனதா, பைலட் போன்றவை சாவி கொடுத்தால் ஓடுபவை. ஜனதாவின் பேலன்ஸ் சக்கரம் மணிக்கு 18,000 முறை, அதாவது நாளொன்றுக்கு 4,32,000 முறை அசைகிறது! இவ்வளவு உழைக்கும் இயந்திரத்தில் எண்ணெய் காய்ந்து கெட்டியாவது இயல்பு. நின்றுபோன பல கடிகாரங்களுக்குச் சுத்தம் செய்து புது எண்ணெய் இடுவதே போதும்.

பாகம் உடைந்திருந்தால்தான் சிக்கல். எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. ஆலை இல்லாதபோது உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்? கடைகளில் மிஞ்சிய பழைய இருப்பை விட்டால், நின்றுபோன இன்னொரு கடிகாரத்திலிருந்துதான் வரவேண்டும். ஒன்றில் பேலன்ஸ் அச்சு முறிந்திருக்கும். மற்றொன்றில் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்று பிழைக்கும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது இங்கே கண்கூடு.

தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் மூன்றாவது நிறுத்தம் பல்லாவரம். அங்கே வெள்ளிதோறும் கூடும் சந்தையில் பழைய கடிகாரங்களும் வரும். பள்ளி விடுமுறையாக இருக்கும் வெள்ளிகளில் என் மாமாவுடன் போவேன். முகப்பின் அழகைப் பார்த்து நாங்கள் வாங்குவதில்லை. முகப்புக்குப் புதுச் சாயம் பூசிப் பழையதென்று விற்பவர்களும் உண்டு. பின்மூடியைத் திறந்து, இயந்திரத்தில் பொறித்துள்ள எண்ணைப் பார்ப்போம். எண் ஒத்திருந்தால்தான் பாகம் பொருந்தும்.

வீட்டில் வெள்ளைத் துணி விரித்து வேலையைத் தொடங்குவோம். முதலில் ஸ்பிரிங்கின் முறுக்கை மெல்லத் தளர்த்த வேண்டும். இல்லையேல் அது சீறி அவிழ்ந்து பற்சக்கரங்களைக் கெடுத்துவிடும். விரல் வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்பதால் பாகங்களை ட்வீசரால்தான் எடுப்போம்.

“பேட்டரிக் கடிகாரம் மலிவாகக் கிடைக்கிறதே, பத்தாம் வகுப்பில் இது எதற்கு?” என்று அம்மா கேட்கிறார். மணி பார்க்க மட்டுமென்றால் அது போதும். ஆனால் தாத்தா ஒவ்வொரு காலையும் சாவி கொடுத்த கடிகாரத்தைப் புதியது வாங்கி ஈடுசெய்ய முடியுமா? “பெண்பிள்ளைக்கு இந்த வேலையா?” என்பாரும் உண்டு. பெங்களூர் ஆலையில் கடிகாரங்களைப் பூட்டியவர்களில் பெண்கள் பலர் இருந்தனர் என்பதை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். கோலமிடவும் பூத்தையல் போடவும் பழகிய கைக்கு இந்த நுட்பம் எட்டாததன்று.

ஆகவே, அன்புத் தோழியரே, பெற்றோரே! உங்கள் வீட்டில் ஓடாத கடிகாரம் இருந்தால் முதலில் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். சரிசெய்ய முடியாதென்று அவர் சொன்னாலும் அதை எறிந்துவிடாதீர்கள், அவரிடமே கொடுத்துவிடுங்கள். யாரோ ஒருவருடைய தாத்தாவின் கடிகாரம் அந்த ஒரு திருகாணிக்காகக் காத்திருக்கக்கூடும்.